ஏழாம் இடத்துக்குக் கையாட்டியது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்க்கிறேன். முதல் தாளில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. மைக் அக்கா என்று கேட்டால் டிரைவர், கண்டக்டர் முதல் கழிப்பறை கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். ஊரே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. கூடப் பிறந்தவன் என்னவோ ஒருவன்தான். அவனைப் பற்றியது இந்த வாக்குமூலம்.

சுருக்கமாகச் சொல்லும்படி எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்டார். எந்த வண்டி, எந்த ஊர், எந்த நடைமேடை என்று நாள் முழுக்கச் சுருக்கமாகவே பேசுகிற பிழைப்பு என்னுடையது, இன்றைக்கு ஒரு நாளாவது முழுசாகப் பேச விடுங்கள் என்று சொன்னேன். அவர் பேனாவை மாற்றிக்கொண்டு சரி என்றார்.

என் தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தான். சின்ன வயதில் அவனுடைய இடது கை ஆள்காட்டி விரல் கதவிடுக்கில் நசுங்கி, நுனி உள்பக்கமாக வளைந்தே நின்றுவிட்டது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் அவனும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு வாய் அதிகம், அவனுக்குக் குறைவு. ஏதாவது சேட்டை செய்தால் தலையில் குட்டுவேன். மீசை முளைத்த பிறகும் குட்டுவேன். அவனும் குனிந்து கொடுப்பான். அவனுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோன பிறகு, இருந்த கொஞ்சப் பேச்சும் குறைந்துபோனது. அதன் பிறகு ஒரு நாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா, நான் சாம்பல் வீட்டுக்குப் போறேன்" என்றான்.

"பேசாம இருக்கறதுக்கு அங்க எதுக்குடா போகணும்? இங்கயும் நீ பேசறதில்லையே" என்று கேட்டேன்.

"இங்க நீ பேசறியேக்கா" என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அந்த வாரமே போய்விட்டான்.

சாம்பல் வீடு என்பது பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவின் கடைசியில் இருக்கும் மாடிக் கட்டடம். மதில் இரண்டு ஆள் உயரம் இருக்கும். அங்கே இருக்கும் துறவிகள் சாம்பல் நிற அங்கி போட்டு, முகம் தெரியாதபடி அதே துணியால் தலையையும் மூடிக்கொள்வார்கள். அது எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை என்று மட்டும் சொல்வார்கள், பிறகு எதைச் சேர்ந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. உள்ளே போகிறவர்கள் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் என்று இடம்தான் அவர்களுக்குப் பெயர். என் தம்பிக்கு ஏழாம் இடம் கிடைத்தது. அவர்கள் பேசக் கூடாது, எழுதக் கூடாது, ஓடக்கூடக் கூடாது. பெரியவர் என்று ஒருவர் மட்டும் பேசலாம். வெளி ஆள் யாரும் உள்ளே போக முடியாது. மதிலில் ஒரு மரப்பெட்டி பதித்திருக்கிறார்கள், நாம் கொண்டுபோகும் சாமானை அதில் வைத்தால் உள்ளே இருந்து ஒரு கை அதைச் சுழற்றி எடுத்துக்கொள்ளும்.

வருடத்தில் ஒரே ஒரு நாள், மழைக்காலம் முடிந்ததும், அவர்கள் மாடி வராந்தாவில் வரிசையாக வந்து நிற்பார்கள். சொந்தக்காரர்கள் மதிலுக்கு வெளியே தெருவில் நின்று பார்க்கலாம். ஒரு மணி அடிக்கும்போது ஒருவர் கையைத் தூக்குவார், அடுத்த மணிக்கு அடுத்தவர். ஏழாவது மணிக்கு என் தம்பி கையைத் தூக்குவான். அதன் பிறகு அந்தக் கையை மடக்கித் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்வான். அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. நானும் கையாட்டுவேன். அதற்குள் எட்டாவது மணி அடித்துவிடும்.

அந்த நாளுக்கு மட்டும் நான் லீவு எடுப்பேன். செருப்புகூடப் புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போவேன், மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளின் செருப்பு அவனுக்கு எங்கே தெரியப் போகிறது. அந்த ஒரு குட்டை வைத்துக்கொண்டுதான் மிச்ச வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அறிவிப்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் கூப்பிட்டால் நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. கூட்டத்தில் யாராவது தொலைந்துபோனாலும் நான்தான் கூப்பிடுவேன். எங்கிருந்தாலும் வரவும், உங்களுக்காக இன்னார் காத்திருக்கிறார் என்று சொல்வேன். வீட்டுக்குப் போனால் நின்றுகொண்டே சாப்பிடுவேன். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிர்நாற்காலி கண்ணில் படும்.

இந்த விஷயத்தில் என்னோடு சேர்ந்து விசாரணை நடத்தியவர்கள் இரண்டு பேர். பேருந்து நிலையக் கட்டடத்திலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் ஒருவர். பக்கத்தில் பார்சல் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பார்சல் அம்மா மற்றொருவர். கண்ணாடிக்காரர் மனைவியை இழந்தவர், துப்பறியும் கதைகளாகப் படித்துப் படித்துக் கெட்டுப்போனவர். பார்சல் அம்மாவின் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம், என்னைப் பார்த்தாலும்கூட. மூன்று பேரும் தினமும் மாலையில் தேநீர்க் கடையில் சந்திப்போம். வீட்டுக்குப் போக யாருக்கும் அவசரம் இல்லை என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒற்றுமை.

இந்த வருடம் கோடையில் ஒரு நாள் கண்ணாடிக்காரர் தேநீரைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். தடித்த பழுப்பு ஃபிரேம். அவர் கடையில் நான் வாங்கி, மரப்பெட்டியில் வைத்துத் தம்பிக்கு அனுப்பியது. காது வளையும் இடத்தில் அவர் வைத்துக் கொடுத்த ஒட்டுகூட அப்படியே இருந்தது. ஏழாம் இடத்துக்குத் தூரம் தெரியவில்லை, வேறு கண்ணாடி போட்டுத் தரவும் என்று சாம்பல் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

"அதுக்கு ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, உங்க தம்பிக்குக் கிட்டப் பார்வை சரியில்ல, தூரம் நல்லாத் தெரியும். இப்ப கேட்டிருக்கறது தூரம் சுத்தமாத் தெரியாத ஆளுக்குப் போடற கண்ணாடி. பவர் கூடும், குறையும். இப்படிக் கட்சி மாறாது."

கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தால் மாறாதா என்று நான் கேட்டேன். மாறலாம் என்று ஒப்புக்கொண்டார். உடனே பார்சல் அம்மா, "அந்த வீட்டுக்குள்ள டாக்டர் போய் யாரு பார்த்தா?" என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, தன் சந்தேகத்தையும் சொன்னார். சாம்பல் வீட்டுக்கு அவர் வழியாக நாலு மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு மூட்டை போகிறது. "வெள்ளையடிக்கன்னு நெனச்சிருந்தேன். அந்தச் சுவரைப் பாருங்க, பாசி பிடிச்சுக் கறுத்துக் கெடக்கு. அப்ப அந்தச் சுண்ணாம்பெல்லாம் எங்க போகுது?"

பயத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல், ரெண்டு பேரும் கண்டதையும் படித்துக் கண்டதையும் பேசாதீர்கள் என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அறிவிப்பில் இரண்டு வண்டிகளை நடைமேடை மாற்றிச் சொல்லி, பயணிகளிடமும் டிரைவர்களிடமும் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

அதன் பிறகு நான் தனியாகச் சாம்பல் வீட்டுக்குப் போய், மரப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துவாரத்தில் பெரியவரைக் கூப்பிடச் சொல்லி, என் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஏழாம் இடத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா. நிம்மதியாப் போங்க" என்றது. நான் குரலை வைத்துப் பிழைக்கிறவள். எழுதி வைத்ததைப் படிக்கிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிம்மதி வரவில்லை.

அதன் பிறகுதான் மூன்று பேரும் சேர்ந்து விசாரிக்க ஆரம்பித்தோம். கண்ணாடிக்காரர் தானே தலைவர் என்று வைத்துக்கொண்டார். ஆளை மறைக்கிறேன் என்று கடையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாம்பல் வீட்டு வாசலில் உலாத்தினார். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டார். "நல்லா மறைச்சீங்க ஆளை. தெருவே உங்களைத்தான் பார்க்குது" என்று பார்சல் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்படியும் ஒரு காரியம் நடந்தது. மதில் ஓரமாக அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வயதான அம்மாவோடு அவர் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மாவின் மகனுக்கு நாலாம் இடம். போன தடவை பார்த்தபோது மகன் நன்றாக வளர்ந்திருந்தான், வராந்தாத் தூணில் தலை எவ்வளவு மேலே தெரிந்தது என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். மகனுக்கு வயது என்ன என்று கண்ணாடிக்காரர் கேட்டிருக்கிறார். நாற்பது தாண்டிவிட்டது என்றாராம். அதை எங்களிடம் வந்து சொல்லும்போது கண்ணாடிக்காரர் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அதை அவர் மாட்டவே இல்லை.

இந்த இடத்தில், அப்போதே ஏன் காவல் நிலையத்துக்கு வரவில்லை என்று அதிகாரி கேட்டார். வந்தோம். இதே மேஜைக்கு முன்னால்தான் நின்றோம். ஒரு மூக்குக்கண்ணாடியையும் சுண்ணாம்பையும் வைத்துக்கொண்டு துறவிகள்மேல் புகார் கொடுக்க வந்தீர்களா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு சாம்பல் வீட்டுக்குப் போர்வைக் கட்டு ஒன்று பார்சலில் வந்தது. அது மரப்பெட்டிக்குள் அடங்காது, வாசற்கதவைத் திறந்துதான் வாங்க வேண்டும். "இதை விட்டா வேற வழி கெடைக்காது" என்றார் பார்சல் அம்மா. நேற்று மதியம் என் வேலை முடிந்ததும் அவரும் நானும் தள்ளுவண்டியில் அந்தக் கட்டை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். கண்ணாடிக்காரர் தெருவில் காவல் நின்றார். கதவு திறந்தது. பார்சல் அம்மா வேண்டுமென்றே கட்டை வாசற்படியில் சாய்த்துவிட்டு ஐயோ இடுப்பு என்று உட்கார்ந்தார். வாசலில் இருந்த துறவி அவரைப் பார்த்துக் குனிந்த நேரத்தில் நான் உள்ளே போய்விட்டேன். யார் அனுமதியும் இல்லாமல் போனேன். அத்துமீறி நுழைந்ததாகப் பெரியவர் கொடுத்திருக்கும் புகார் உண்மைதான். நான் மறுக்கவில்லை.

முற்றத்தைத் தாண்டி மாடிப்படி ஏறினேன். வழியில் என்னைப் பார்த்த துறவிகள் எல்லாரும் கையை நீட்டி மறித்தார்கள். ஆனால் பேசக் கூடாது என்பதால் ஒருவராலும் நில் என்று சொல்ல முடியவில்லை, ஓடக் கூடாது என்பதால் எட்டிப் பிடிக்கவும் முடியவில்லை. நான் வேகமாக நடந்தேன், அவர்கள் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு சின்ன ஊர்வலமே வந்துகொண்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மாடியில் நீளமான நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், எந்தக் கதவிலும் எண் இல்லை. எது அவன் அறை என்று தெரியவில்லை. அதனால் நடையின் நடுவில் நின்று, தொலைந்துபோனவர்களைக் கூப்பிடும்போது சொல்வதுபோலவே சொன்னேன். "ஏழாம் இடத்தில் இருப்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். உங்களுக்காக உங்கள் அக்கா காத்திருக்கிறார்." மைக் இல்லாமலே அந்தக் கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும். பின்னால் வந்த ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. இடது பக்கம் கடைசிக்கு முந்தைய கதவு திறந்தது. தலையை மூடிக்கொண்டு ஒருவர் வெளியே வந்து நின்றார்.

நான் ஓடிப் போய் அவரைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். ஒரு கட்டில், ஒரு முக்காலி, தெருப் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். கட்டிலில் நான் அனுப்பிய நீலப் போர்வை கிடந்தது. முக்காலியின்மேல், கண்ணாடிக்காரர் மாற்றிப் போட்டு அனுப்பியிருந்த அந்தப் பழுப்புக் கண்ணாடி இருந்தது. அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். வீட்டுக் கூரையில் ஒழுகும் இடத்தைச் சரி செய்துவிட்டதைச் சொன்னேன். அவன் பாதியில் விட்டுப்போன ஒயரிங் வேலையை வேறு ஆளைக் கொண்டு முடித்தபோது அந்த ஆள் தம்பியின் வேலையைப் பாராட்டியதைச் சொன்னேன். அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் என் குரலைக் கேட்டு, அறையைத் தேடி வந்து அவனை விசாரித்துவிட்டுப் போனதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். தோள் குலுங்கியது. அழாதடா என்று சொல்லி அவருடைய இடது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆள்காட்டி விரல் நேராக இருந்தது.

விரலைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் பேச்சை நிறுத்தவில்லை. அந்தக் கையையும் விடவில்லை. பெரியப்பா வீட்டுத் தகராறு, எனக்கு முழங்கால் வலி வந்தது, பக்கத்து வீட்டில் நாய் வாங்கியது என்று இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். தெரிந்த பிறகும் ஏன் பேசினீர்கள் என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். நிறுத்தினால் என் தம்பி செத்துப்போனவன் ஆகிவிடுவான். அது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இருந்தது. அது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

அதன் பிறகு, "நீ யாருப்பா?" என்று கேட்டேன்.

அவர் தலைத்துணியை விலக்கினார். முன்பின் தெரியாத முகம், ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் ஒரு தழும்பு. வாயைத் திறந்து மூடினார். பல வருடமாகப் பேசாத தொண்டை, முதலில் காற்றுதான் வந்தது. "அக்கா, உங்க தம்பி போயிட்டாரு" என்றார்.

காய்ச்சல் என்றார். பல நாள் கிடந்திருக்கிறான். டாக்டரைக் கூப்பிடும்படி இவர் பெரியவருக்கு முன்னால் போய் மண்டியிட்டுக் கும்பிட்டிருக்கிறார், பேசக் கூடாது என்பதால் அதைத்தான் செய்ய முடிந்திருக்கிறது. வெளியாள் வரக் கூடாது என்று பெரியவர் மறுத்துவிட்டார். செத்த அன்றே பின்பக்கத் தோட்டத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டார்கள். அந்த வீட்டில் ஒரு விதி இருக்கிறதாம், எந்த இடமும் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ஆள் போனால் அடுத்த ஆளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். கட்டில், போர்வை, கண்ணாடி எல்லாம் இடத்தோடு சேர்ந்தது. தெருவில் வந்து நிற்கும் சொந்தக்காரரும் இடத்தோடு சேர்ந்தது. அதனால் அந்த வீட்டில் யாருமே செத்ததில்லை. என் தம்பி செத்து ஐந்து வருடம் ஆகிறது. ஐந்து தடவை நான் இந்த ஆளுக்குத்தான் கையாட்டியிருக்கிறேன்.

குட்டு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "அவருதான் சொல்லிக் கொடுத்தாரு. காய்ச்சல்ல பேசக் கூடாதுங்கற விதியெல்லாம் விட்டுட்டாரு. இந்த இடம் உனக்குத்தான் வரும், எங்க அக்கா வருவா, கையை மட்டும் தூக்கினா நம்ப மாட்டா, இப்படிக் குட்டிக்கோன்னாரு. நான் போனது தெரிஞ்சா அவ சாப்பிட மாட்டான்னாரு" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் தம்பி எது செய்தாலும் எனக்குத் தெரியாமல்தான் செய்வான். இதையும் அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "எனக்குன்னு யாரும் வந்ததில்லக்கா. இடம் கிடைக்காதவங்க நிக்கற பின்வரிசையில நின்னேன். அங்க நிக்கறவங்களுக்கு மணி கிடையாது. முதல் தடவை நீங்க கையாட்டினப்ப எட்டாவது மணி அடிச்சும் கையை இறக்க மறந்துட்டேன்" என்றார். தூரத்தில் இருப்பது அவருக்கு நிழலாட்டமாகத்தான் தெரியும், தம்பியின் கண்ணாடியைப் போட்டால் தலைவலி. என் முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அடுத்த தடவை கையாட்டும் நாளுக்குள் கண்ணாடி மாற்றித் தரும்படி சைகையில் கேட்டிருக்கிறார். அதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

அப்போது கதவு திறந்தது. பெரியவர் நின்றார். நான் எழுந்து, என் தம்பியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலைக் காட்டி, "ஏழாம் இடத்துல ஆள் இருக்காரேம்மா. கையாட்டறாரு. நீங்களும் ஆட்டறீங்க. இத்தனை வருஷத்துல உங்களுக்கு என்ன குறைஞ்சுது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் முக்காலியைத் தூக்கி அவர்மேல் எறிந்தேன். அது கதவில் பட்டு உடைந்தது. முக்காலியை உடைத்ததும் உண்மைதான். அதன் பிறகு அவர், பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று மௌனம் ஏற்றால் கதவு திறக்கும் என்று சொல்லி, வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போய்விட்டார். என்னிடம் போய் மௌனம் கேட்டார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். தெரு முனையில் கண்ணாடிக்காரரும் பார்சல் அம்மாவும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தேன். பதற்றத்தில் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் ஆரம்பித்தேன். "பின் தெரு சாம்பல் வீட்டின் மாடியில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பூட்டி வைக்கப்பட்டுள்ளனர். இந்த வீட்டில் ஏழாம் இடத்தில் இருந்தவர் இறந்துவிட்டார். பின்பக்கத் தோட்டத்தில் புதைக்கப்பட்டுள்ளார். காவல் துறைக்குத் தகவல் தெரிவிக்கவும்." எதையும் இரண்டு முறை சொல்வது எங்கள் வழக்கம். இரண்டு முறை சொன்னேன். என் தம்பி செத்துப்போனான் என்று நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். மைக் அக்கா குரல் மாதிரி இருக்கே என்று யாரோ சொன்னது கேட்டது. பேருந்து நிலையத்திலிருந்து டிரைவர்களும் கண்டக்டர்களும் பயணிகளும் ஓடி வந்து வாசற்கதவை உடைத்தார்கள். இத்தனை வருடம் நான் கூப்பிட்டு ஓடிய பயணிகளை நேற்றுத்தான் முகம் பார்த்தேன். சற்று நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். அதன் பிறகு நடந்தவை உங்களுக்கே தெரியும்.

பெரியவர்மேல் என் புகார் இதுதான். என் தம்பிக்கு வைத்தியம் பார்க்காமல் சாகவிட்டார். எனக்குச் சொல்லாமல் புதைத்தார். செத்தவனை இருப்பதாகக் காட்டி என்னைத் தெருவில் நிற்கவைத்தார். நாலாம் இடத்தின் அம்மாவுக்கும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். போலீஸ் உடுப்பில் போகாமல், முடிந்தால் ஒரு பெண்ணைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். தோட்டத்தில் தோண்டி எடுப்பவர்களில் என் தம்பியை அடையாளம் காட்டவும் வருகிறேன். அந்த விரல் எலும்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஏழாம் இடத்தில் கடைசியாக இருந்தவர்மேல் ஆள்மாறாட்டப் புகார் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். கொடுக்கவில்லை. அதற்காக, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம். கோபம் வயிறு எரிய இருக்கிறது. ஐந்து வருடம் என்னை அழவிடாமல் ஏமாற்றியிருக்கிறார். மற்றத் துறவிகளை அவரவர் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துக்கொண்டு போகிறார்கள். இவர் மட்டும் காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது எழுந்து நின்றார். பெயர் கேட்டால் ஏழாம் இடம் என்கிறார், அவருடைய பழைய பெயர் அவருக்கே நினைவில்லை என்று ஒரு காவலர் சொன்னார். வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவோம் என்கிறீர்கள்.

என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. எதிர்நாற்காலியும் இருக்கிறது. என் தம்பிக்கு அவன் பெயரிலேயே ஒரு கல் நட வேண்டும், அவன் பெயரும் இடமும் அவனுடையது, அதை நான் யாருக்கும் தர மாட்டேன். இவருக்கு நாம் வேறு பெயர் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள், உறவு என்று கேட்டிருக்கும் இடத்தில் அக்கா என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்குப் போனதும் அவருக்கு என் கையால் ஒரு குட்டு இருக்கிறது. அவராகவே வைத்துக்கொண்ட ஐந்தும் கணக்கில் சேராது.

இதுவரை நான் சொன்னதை அதிகாரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மிகவும் வேகமாகப் படித்தார், நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் இதைச் சொல்லவில்லை. இதில் உள்ளது எல்லாம் நடந்தபடியே உள்ள உண்மை.

(கையொப்பம்)
அறிவிப்பாளர், வெளியூர்ப் பேருந்து நிலையம்